டைம்கீப்பர் மகளின் முதல் சொல்

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு."

சிவசங்கரன் எண்ணி முடித்தார். வலது கையில் பால் டம்ளர். கண் மட்டும் இடது கைக் கடிகாரத்தின் மேல். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த இரண்டரை வயது மகள் டம்ளரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அப்பாவின் மீசையைப் பார்த்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

"பால்னு சொல்லு தாயி. எங்க, பா...ல்."

"ஏங்க, 'சொல்லு சொல்லு'ன்னு நெருக்கக் கூடாதுன்னுல்லா பேச்சுப் பயிற்சி கொடுக்க அந்தப் பொண்ணு சொல்லிச்சு?" அடுப்படியிலிருந்து மஹாலக்ஷ்மி குரல் கொடுத்தாள்.

"நான் எங்கட்டி நெருக்குதேன்? ஞாபகப்படுத்துதேன்."

ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும்போதே மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அம்மாவின் சேலையை இழுத்துப் பால் சட்டியைக் கை காட்டினாள். மஹாலக்ஷ்மி மறுபேச்சில்லாமல் இன்னொரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். சிவசங்கரன் கையிலிருந்த பாலில் ஆடை படிந்தது.

"ஆறு பத்துக்குப் பால். இப்ப ஆறு பதினெட்டு. எட்டு நிமிஷம் லேட்டு," என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல்.

மனிதரைக் குறை சொல்லக் கூடாது. விக்கிரமசிங்கபுரம் பஸ் ஸ்டாண்டில் பதினாறு வருஷமாக அவர் டைம்கீப்பர். காக்கிச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. நேரத்துக்கு வந்த பஸ்ஸுக்கு நீலம், பிந்தி வந்ததற்குச் சிவப்பு. பாபநாசத்திலிருந்து வரும் பஸ் ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவர் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் இறங்குவார். அப்படிப்பட்டவருக்குச் சொந்த மகளின் பேச்சே ஒரு வருஷம் லேட்டாக வந்தால் எப்படி இருக்கும்? அதுவும் கலியாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. 'அப்பா' என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும், அப்புறம் ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் சரி என்று சொரிமுத்தையனார் கோயிலில் போய் வேண்டிக்கொண்டு வந்திருந்தார். "இது என்ன கூறுகெட்ட வேண்டுதல்?" என்று மஹாலக்ஷ்மி திட்டிய பிறகு, மறுபடியும் போய் அந்தப் பின்பாதியை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஸ்டெஃபியிடம் பிள்ளையை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோதே ஒரு கூத்து நடந்தது. உவரிப் பக்கத்துப் பெண். சின்ன வயசு, சிரித்த முகம்.

"பாப்பா பேரு என்ன சார்?"

"கோமு."

"வீட்டுல என்னன்னு கூப்பிடுவீங்க?"

சிவசங்கரன் மனைவியைப் பார்த்தார். மஹாலக்ஷ்மி சுவரைப் பார்த்தாள்.

"அது எங்க அம்மா பேருல்லா? அதை எப்படி வாயால சொல்லிக் கூப்பிட? நான் தாயிம்பேன். இவ மாமியா பேரைச் சொல்லப்படாதுன்னு பாப்பாம்பா."

"அப்ப அந்தப் பேரை இந்தப் பிள்ளை காதால கேட்டதே இல்லியா?"

"ரேஷன் கடையில ஒரு தடவை வாசிச்சாங்க," என்றார் சிவசங்கரன்.

ஸ்டெஃபி சிரிப்பை அடக்கிக்கொண்டு, சொல்ல வேண்டியதைப் பொறுமையாகச் சொன்னாள். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, சொன்னது புரிகிறது, பேச்சுதான் பிந்துகிறது. பயப்பட வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். டிவியைக் குறையுங்கள். தரையில் உட்கார்ந்து அவளோடு விளையாடுங்கள். அவள் எதைப் பார்க்கிறாளோ அதன் பேரைச் சொல்லுங்கள். அவள் பதில் சொல்ல ஒரு அஞ்சு எண்ணுகிற நேரம் பொறுங்கள். 'சொல்லு' என்று கேட்காதீர்கள். சொன்ன சொல்லையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இவ்வளவிலும் சிவசங்கரன் மனசில் தங்கியவை இரண்டு: அஞ்சு எண்ண வேண்டும், நோட்டுப் போட வேண்டும்.

அன்று சாயங்காலமே நோட்டு வந்துவிட்டது. நேரம், சொல், இடம், சாட்சி என்று நாலு கட்டம். சுவரில் ஒரு கால அட்டவணை. 6.10 பால். 6.25 பல் தேய்ப்பு. 6.40 குளியல். 7.05 காக்காய் பார்த்தல்.

"காக்கா ஏழு அஞ்சுக்குத்தான் வருமா?" என்று கேட்டாள் மஹாலக்ஷ்மி.

"வர வைக்கணும்."

ஒரு வாரம் ஓடியது. நோட்டில் ஒரு சொல் ஏறவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அவர் டூட்டி முடிந்து வந்ததும் மஹாலக்ஷ்மி ஓடி வந்தாள். "ஏங்க, பாப்பா 'காக்கா'ன்னு சொல்லிட்டா! மொட்டைமாடியில நானும் அவளும் தனியா நின்னுக்கிட்டு இருந்தோம். தெளிவாச் சொன்னா!"

"எத்தனை மணிக்கு?"

"மணியா பாத்தேன்? சந்தோஷத்துல அழுகையே வந்துட்டு."

"தாயி, எங்க, அப்பாட்ட சொல்லு. கா...க்கா."

கோமு அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். சிவசங்கரன் பெருமூச்சு விட்டு நோட்டை எடுத்தார். 'காக்கா (?). சாட்சி: தாயார் மட்டும். உறுதியாகவில்லை' என்று சிவப்பில் எழுதினார். மஹாலக்ஷ்மி அன்றைக்கு அவருக்குத் தோசைக்குச் சட்னி வைக்கவில்லை.

சரி, அட்டவணை போதவில்லை, பேச்சும் வேண்டும் என்று அடுத்த வைத்தியத்தில் இறங்கினார். செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே. ஆனால் பதினாறு வருஷமாக பஸ் ஸ்டாண்டு மைக்கில் ஒரே ராகத்தில் அறிவிப்புச் சொன்ன தொண்டை. "அப்பா சட்டை போடுதாரு... அடுத்ததாகச் சீப்பு... தலைவாரல் முடிந்து சாப்பாடு... சாப்பாடு செல்லும் வழி வாய், தொண்டை, வயிறு!" கோமு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "திருநெல்வேலி பஸ் எத்தனை மணிக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

அப்புறம்தான் அவருக்குப் பாக்கியம் அத்தை மேல் சந்தேகம் வந்தது.

மஹாலக்ஷ்மி அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம் அஞ்சாகும். அதுவரை கோமு எதிர் வரிசையில் பாக்கியம் அத்தை வீட்டில்தான். அத்தை நூல் மில்லில் ரீலிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். வயசாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். கூட வேலை பார்த்த இரண்டு கூட்டாளிகள் தினமும் வந்துவிடுவார்கள். மூன்று பேரும் உட்கார்ந்தால் பேச்சுக்குக் குறைவே கிடையாது; வாயும் ஆடும், கையும் ஆடும்.

"அத்தை, பிள்ளை உங்க வீட்டுல எப்படி இருக்கா? வாயைத் திறக்காளா?" என்று காதருகில் போய்க் கத்தினார் சிவசங்கரன்.

"திறக்காளாவா? நல்லாத்தான பேசுதா!"

சிவசங்கரனுக்கு மனசு கனத்தது. பாவம், காது கேட்காத மனுஷிக்கு எல்லாரும் பேசுகிற மாதிரிதானே தெரியும் என்று நினைத்துக்கொண்டார். விதிமுறைகளைப் பெரிய எழுத்தில் எழுதி அத்தை வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். டிவி கூடாது. அஞ்சு எண்ணவும். பிள்ளையோடு பேசிக்கொண்டே இருக்கவும். ஒன்றே கால் மணிக்கு வரும் செங்கோட்டை பஸ்ஸை அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் தினமும் திடீர்ச் சோதனைக்கும் போக ஆரம்பித்தார்.

போகும்போதெல்லாம் ஒரே காட்சி. அவர் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் கால் வைத்ததும் வீடு கப்சிப். மூன்று கிழவிகளும் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். டிவி அணைந்திருக்கும், தொட்டுப் பார்த்தால் சுடும்.

"என்னத்தை, யாரும் பேசாம இருக்கீக? பிள்ளைகிட்டப் பேசணும்னு எழுதி ஒட்டியிருக்கேன்லா?"

"பேசிக்கிட்டுத்தான்யா இருந்தோம்," என்பாள் பாக்கியம், தரையைப் பார்த்துக்கொண்டு.

நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, வாசலில் அவரைக் கண்டதும் கோமு ஒன்று செய்தாள். இரண்டு விரலைச் சேர்த்து நெஞ்சின் இடப்பக்கம் டக்டக்கென்று தட்டினாள். அப்புறம் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பைய கீழே இறக்கினாள்.

அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான். காலையில் கண் விழித்து அவரைப் பார்த்தால் தட்டு. டூட்டி முடிந்து வந்தால் தட்டு. வேறு யாருக்கும் கிடையாது. மஹாலக்ஷ்மி செல்போனில் எதையெதையோ தேடிப் படித்துவிட்டுப் பயந்து அழுதாள். முறை நாளுக்குக் காத்திராமல் மறுநாளே லீவு போட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்கள்.

ஸ்டெஃபி அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையோடும் தாயோடும் முக்கால் மணி நேரம் விளையாடினாள். கதவைத் திறந்து அவரைக் கூப்பிடும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"சார், நல்ல சேதி. 'வா' சொன்னா, 'தா' சொன்னா, பந்து உருண்டப்ப 'போச்சு' சொன்னா. பயிற்சி நல்லா வேலை செய்யுது."

"நான் கேக்கலியே," என்றார் சிவசங்கரன். அவர் உள்ளே வந்ததும் கோமு நெஞ்சைத் தட்டிக் கையை இறக்கினாள். "பாத்தீங்களா? இதுதான்!"

ஸ்டெஃபி கவனமாகப் பார்த்தாள். "இதுல பயப்பட ஒண்ணுமில்லை சார். கையால சொல்லுத சொல்லும் சொல்லுதான். வாய்ப்பேச்சுக்கு அது ஒரு படி. எப்பப்ப செய்யுதா?"

"என்னையப் பாத்தா மட்டும்."

"அப்ப உங்களைப் பத்தித்தான் ஏதோ சொல்லுதா. என்னன்னு கண்டுபிடிங்க. அவ அதைக் காட்டுதப்ப நீங்க அந்தச் சொல்லை வாயால சொல்லிக் காட்டுங்க."

திரும்பும்போது பஸ் சேரன்மாதேவி தாண்டியதும் வாய்க்கால் காற்று வந்தது. கோமு அவர் மடியில் தூங்கிவிட்டாள். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். சிவசங்கரன் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். நெஞ்சில் இரண்டு தட்டு. உள்ளங்கை கீழே. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!

கல்லிடைக்குறிச்சி வரும்போது ஞாபகம் வந்துவிட்டது. மில் கை!

அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். சங்கு ஊதியதும் மில் வாசலிலிருந்து சைக்கிள்கள் ஆற்று வெள்ளம் மாதிரி வரும். தலை, புருவம், மீசையெல்லாம் பஞ்சு ஒட்டிய மனிதர்கள். உள்ளே மெஷின் போடுகிற இரைச்சலில் வாயால் பேசி எடுபடாது. அதனால் எல்லாரும் கையால் பேசுவார்கள். அந்தப் பழக்கம் தெருவுக்கும் வந்துவிட்டது. அவருடைய அப்பா குற்றாலலிங்கம் தெருமுனையில் சைக்கிளை மிதித்துக்கொண்டே, வாசலில் நிற்கிற அம்மாவிடம் சோறா தோசையா என்று கேட்டுவிடுவார். அம்மா ஒரு விரலை அசைத்துப் பதில் சொல்லிவிடுவாள். ஊருக்கே தெரியாமல் அவர்கள் நடுத்தெருவில் குடும்பம் நடத்தினார்கள். சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள்.

சிவசங்கரன் மட்டும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, உத்தியோகத்துக்குப் போகப் போகிறவன், அவனுக்கு எதற்கு மில் கை என்று அப்பாவே சொல்லிவிட்டார். கடைசியில் அப்பா ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடந்தபோது, பார்க்க வந்த பழைய கூட்டாளிகளிடம் கையாலேயே மணிக்கணக்கில் பேசினார். அவர்கள் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகன் மட்டும் கட்டிலோரம் ஒன்றும் புரியாமல் நின்றார். அவரைப் பார்த்தும் அப்பாவின் கை என்னவோ சொன்னது. என்னவென்று இன்றுவரை தெரியாது. அந்தக் குறை அவருக்கு ஆறவே இல்லை.

இந்த நெஞ்சுத் தட்டலை அவர் மில் வாசலில்தான் பார்த்திருக்கிறார். சோற்று வாளி கொண்டுபோகும்போது யாராவது ஒருவர் இப்படித் தட்டிக் காட்டுவார். உடனே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். பீடியைக் கீழே போடுவார்கள். வேட்டியை இறக்கிவிடுவார்கள். அவ்வளவு மரியாதை! நெஞ்சைத் தொட்டு மரியாதையாகச் சொல்கிற சொல் வேறு என்னவாக இருக்கும்?

"மஹா!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "எட்டி, பிள்ளை அப்பான்னு சொல்லுதாட்டி! அத்தைகிட்ட இருந்து மில் கையைப் பாத்துப் படிச்சிருக்கா. இத்தனை நாளா என்னைய அப்பா அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான்தான் மடையன் மாதிரி நோட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்!"

டைம்கீப்பர் பஸ்ஸில் அழுததை அன்றுதான் அந்தக் கண்டக்டர் பார்த்தார். மஹாலக்ஷ்மிக்கும் அழுகை வந்துவிட்டது. பத்து வருஷத்துக்குப் பிறகு சட்டென்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நோட்டில் நீலத்தில் முதல் சொல் ஏறியது. 'அப்பா (கையால்). சாட்சி: அப்பா.'

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வந்த வண்டிக்கெல்லாம் கருப்பட்டி மிட்டாய். பன்னிரண்டு நிமிஷம் பிந்தி வந்த பஸ்ஸுக்குக்கூட நீலப் பேனாதான். டிரைவர் பயந்துபோய், "அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மில் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். அப்பா காலத்து மனிதர்கள் முன்னால் பிள்ளை மில் கையில் 'அப்பா' சொல்ல வேண்டும். அப்பாவின் ஆத்மா அதைப் பார்க்க வேண்டும். பாக்கியம் அத்தையும் கூட்டாளிகளும் வந்தார்கள். குற்றாலலிங்கத்தோடு ஒரே மெஷினில் இருபத்தெட்டு வருஷம் நின்ற சுடலையாண்டியும் வந்தார். மூன்று மாசம் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலையில்தான் ஊருக்கு வந்திருந்தார்.

"ஏலே சங்கரா, குத்தாலம் பேத்தியா இது? அப்படியே கோமுத்தாயி முகமுல்லா!" என்று பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் இத்தனை நாளாக யாரும் சொல்லாத பேரை அவர் சத்தமாகச் சொன்னதும் சிவசங்கரனுக்குக் கண் கலங்கியது.

"மாமா, இவ மில் கையில என்னைய அப்பான்னு கூப்பிடுதா. உங்க கண்ணாலயே பாருங்க."

பாக்கியம் அத்தைக்கு வாயில் போட்ட கருப்பட்டி மிட்டாய் விக்கிக்கொண்டது. "இப்ப எதுக்குய்யா அதெல்லாம்? பிள்ளை களைச்சுப்போயிருக்கும். பெறவு பாத்துக்கிடலாம்."

"ஒரு நிமிஷந்தான் அத்தை. நான் வெளிய போயிட்டு டூட்டிக்குப் போற கோலத்துல உள்ள வாரேன். என்னையக் கண்டாத்தான் சொல்லுவா."

காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய் முன்வாசலில் நின்றார். உள்ளே சின்னக் குரல் ஒன்று சளசளவென்று கேட்டது. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்துக்கொண்டார். அப்பாவை மனசில் நினைத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே கால் வைத்தார்.

சளசளப்பு நின்றது. கோமு சுடலையாண்டியின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு விரலைச் சேர்த்து நெஞ்சில் டக்டக்கென்று தட்டினாள். உள்ளங்கையைப் பைய கீழே இறக்கினாள்.

"பாத்தீங்களா!" சிவசங்கரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்படிச் சொல்லுதா பாத்தீங்களா மாமா!"

கூட்டாளிகள் இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பாக்கியம் அத்தை சுடலையாண்டியைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினாள். சுடலையாண்டி அதைக் கவனிக்கவில்லை. அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்து, வேட்டியை இறக்கிவிட்டு, பிள்ளையோடு எழுந்து நின்றுவிட்டார். சிவசங்கரனின் தோளுக்கு மேலாக எட்டித் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"எங்கலே வாரான், ஒருத்தனையும் காணோமே? இம்புட்டு நேரமும் தாத்தா, காக்கா, மிட்டாயின்னு கிளி கணக்கா பேசிக்கிட்டிருந்த பிள்ளை, 'பேனாக்காரன் வாரான், வாயை மூடு'ன்னு கையைக் காட்டுதே... எந்தச் சூப்பர்வைசருலே அவன், நம்ம வீட்டுப் பிள்ளை வாயை அடைக்கவன்?"